வலப்பக்கத்திலிருந்து

20-6-1994, திங்கள்

தச்சநல்லூரில் பஸ் நிற்கவில்லை. ஜங்ஷன் வரை நடந்து, அங்கிருந்து வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது முதல் மணி அடித்துவிட்டது. தலைமையாசிரியை சித்ரலேகா என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள். நான் இந்தப் பள்ளியில் கணக்கு நடத்த வந்த காலத்தில் அவள் பாவாடை கட்டிய பிள்ளை. அந்த நாற்காலி எனக்கு வரவேண்டியது. என்னுடையது தபாலில் படித்து வாங்கிய பட்டமாம். எட்டாவதுக்கு மேல் என்னை யாரும் படிக்க வைக்கவில்லை. மீதியை நானே படித்தேன். அது ஒரு குற்றமா?

ஆசியா பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இன்று நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

4-7-1994

பார்வையில்லாத பிள்ளைகளுக்கென்று சிறப்பு ஆசிரியர் ஒருவர் வருவார் என்று போன வருடமும் சொன்னார்கள், இந்த வருடமும் சொல்கிறார்கள். வந்தபாடில்லை. ஆகவே சிறப்பு ஆசிரியர் நான்தான். யார் ஒப்புக்கொண்டால் என்ன, ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன.

மேலப்பாளையத்து அகமது மீரானின் மகள் இந்த ஆசியா உம்மாள். எட்டாவது முடித்த கோடையில் காய்ச்சல் கண்டு இரண்டு கண்ணும் போயிற்று. வீட்டோடு இருந்தவளை நான்தான் போய்ச் சண்டை போட்டுக் கூட்டி வந்தேன். அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக நானே பிரெய்ல் கற்றேன். பழைய புத்தகக் கடையில் ஓர் அட்டை கிடைத்தது. எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று அதில் அச்சடித்திருந்தது. அது போதும் எனக்கு.

பிரெய்ல் தெரிந்தவர்கள் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறார்களே, போய்க் கேளுங்கள் என்கிறார்கள். போனால் முதல் கேள்வி, "பட்டயம் இருக்கா?" கேட்க மாட்டேன்.

22-8-1994

மாலை வகுப்பு எப்போதும்போலச் சாமான் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே. தாளுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி விரித்து, தையல்காரர்கள் துணியில் அடையாளம் போடும் பல்சக்கரத்தை ஓட்டினேன். திருப்பினால் செங்கோண முக்கோணம் புடைத்து நிற்கிறது. உம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றிய விரல் அவளுக்கு. ஒரே சுற்றில் பிடித்துவிட்டாள்.

"டீச்சர், இதுதான கர்ணம்?"

"எப்படிட்டீ சொல்லுத?"

"இதுதான ரொம்ப நேரம் ஓடுது."

இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் வரைகிறேன். ஒரு பிள்ளை இப்படிச் சொன்னதில்லை.

12-10-1994

சித்ரலேகா கூப்பிட்டு அனுப்பினாள்.

"அக்கா, அந்தப் பிள்ளைய தனித்தேர்வரா எழுத வச்சிருவோம். நம்ம பள்ளிக்கூடம் மூணு வருசமா நூத்துக்கு நூறு. ஒரு பிள்ளையால அது போயிரக் கூடாதுல்லா?"

"என் பாடத்துல அவ விழ மாட்டா. இந்தப் பள்ளிக்கூடத்துப் பேர்லதான் எழுதுவா." கதவு சாத்தியிருந்தால் நான் அவளை 'நீ' என்றுதான் சொல்வேன். "ஒனக்கு என்ன சந்தேகம்?"

"அவ நிசமாவே வாசிக்கான்னு யாருக்குத் தெரியும்? நீங்க குத்துன தாளு, நீங்க சொல்லிக் குடுத்த பாடம். மனப்பாடமாச் சொல்லுதாளோ என்னவோ."

சென்னையிலிருந்து பிரெய்ல் கணக்குப் புத்தகம் வரவழைக்கிறாளாம். ஆண்டாய்வுக்கு வரும் கல்வி அதிகாரி முன்னால் ஆசியா அதை வாசிக்க வேண்டுமாம். வாசித்தால் பள்ளியின் பெயர்ப்பட்டியலில் இருப்பாள். இல்லையென்றால் தனித்தேர்வர்.

"வாசிப்பா. எல்லாரையும் கூப்பிட்டு வச்சுக்கோ" என்றேன்.

17-11-1994

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுவேன்.

புத்தகம் இன்று காலைதான் வந்தது. அதிகாரி, சித்ரலேகா, ஆசிரியர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆசியா பக்கத்தைத் தடவினாள். மறுபடி தடவினாள். முகம் வெளுத்துவிட்டது.

"டீச்சர், இது நம்ம எழுத்து இல்ல."

அறிவியல் ஜாஸ்பர் சிரித்தான். "நம்ம எழுத்தாம்லா! ரெண்டு பேருமாச் சேந்து தனியா ஒரு பாஷையே கண்டுபிடிச்சிருக்காவ."

அதிகாரி கோப்பை மூடினார். வெளியே வரும்போது சித்ரலேகா, "டிசம்பர் கடைசில பேர்ப்பட்டியல் போயிரும் அக்கா" என்றாள்.

அதே நாள், இரவு

கண்டுபிடித்துவிட்டேன். புத்தகத்தையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்று. என் தாள்தான் வேறு.

பிரெய்லில் தாளின் பின்பக்கம் குத்துகிறோம். திருப்பினால் முன்பக்கத்தில் புள்ளி எழுகிறது. ஆகவே வலப்பக்கத்தில் தொடங்கி, ஒவ்வொரு எழுத்தையும் ரப்பர் முத்திரையில் இருப்பதுபோல் இடவலமாக மாற்றிக் குத்த வேண்டும். திருப்பும்போது எல்லாம் நேராகும். நானோ அட்டையில் பார்த்ததைப் பார்த்தபடி, இடப்பக்கத்திலிருந்து குத்தினேன். குத்திய பக்கத்தைத்தான் என் கண் பார்த்தது. அவள் கையிலோ எல்லாம் மாறிப் போய்ச் சேர்ந்தது. அவள் விரல் வலப்பக்கத்திலிருந்து போவதைப் பார்த்தேன்தான். திருப்பிய தாள்தானே என்று விட்டுவிட்டேன்.

அய்யோ, அந்தப் பிள்ளைக்கு எல்லாத்தையும் மாத்தியில்லா சொல்லிக் குடுத்திருக்கேன்! சபையில சிரிக்க வச்சிட்டேனே. யார்ட்டயாவது ஒரு வார்த்த கேட்டிருந்தா—

இல்லை. இனி கேட்டு என்ன. சரி செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

18-11-1994

மேலப்பாளையம் போனேன். ஆசியா பள்ளிக்கு வரவில்லை. அகமது மீரான் வாசலிலேயே நின்றார்.

"டீச்சரம்மா, ஒங்க மேல எங்களுக்குக் கோவம் இல்ல. ஆனா போதும்மா. பிள்ளைய நாலு பேரு சிரிச்சாச்சு."

"சிரிச்சவன் வாய மூடாம நான் போவ மாட்டேன் அண்ணாச்சி. வழிய விடுங்க."

விட்டார். ஆசியாவிடம் நடந்ததைச் சொன்னேன். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது வராது. பிறகு கேட்டேன்: "வலப்பக்கத்துலருந்து வாசிச்சியே, ஒனக்கு வித்தியாசமாத் தோணலையாட்டீ?"

"ஓதுறதும் அங்கனயிருந்துதான டீச்சர். இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்."

கண் இருந்த நாளில் அரபி ஓதிய பிள்ளை.

அவள் குத்தூசியைக் கையில் எடுத்துக் காற்றிலே ஓர் எழுத்தைக் குத்திப் பார்த்தாள்.

"டீச்சர், என் கை இவ்வளவு நாளு எப்படிக் குத்திச்சோ, அப்படி இனி விரல் வாசிக்கணும். விரல் எப்படி வாசிச்சிச்சோ, அப்படிக் கை குத்தணும். அம்புட்டுத்தான?"

அம்புட்டுத்தான்! பிள்ளை இரண்டையும் படித்துத்தான் வைத்திருக்கிறாள். இடம் மட்டும் மாறிக் கிடக்கிறது.

புத்தகத்தைப் பிரித்து அவள் விரலை இடப்பக்கத்தில் வைத்தேன். நெடுநேரம் ஆயிற்று. "கோ… ண… ம்" என்றாள். அகமது மீரான் உள்ளே திரும்பி, "ஏளா, டீச்சரம்மாவுக்குத் தேத்தண்ணி போடு" என்று கத்தினார்.

5-12-1994

இன்று ஒரு பக்கம் முழுதும் வாசித்தாள். நடுவில் ஒரே ஒருமுறைதான் நின்றாள்.

20-12-1994

ஆசியா மறுபடி வாசிப்பாள், அன்று சிரித்தவர்கள் அத்தனை பேரும் இருக்க வேண்டும் என்று சித்ரலேகாவிடம் சொல்லியிருந்தேன். இருந்தார்கள்.

சித்ரலேகாவே நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். ஆசியா வாசித்தாள். வேறு பக்கம் கொடுத்தாள். அதையும் வாசித்தாள். ஜாஸ்பருக்கு ஆறவில்லை. புத்தகத்தை வாங்கிப் புரட்டி, ஒரு பக்கத்தைத் திறந்து முன்னால் வைத்தான். ஆசியா தடவிய உடனே கையை எடுத்துவிட்டாள்.

"என்னட்டீ, இது ஒங்க எழுத்து இல்லையோ?" என்றான்.

"எழுத்து சரிதான் சார். நீங்க புத்தகத்தத் தலைகீழா வச்சிருக்கீய." திருப்பி வைத்து வாசிக்கத் தொடங்கும் முன் சொன்னாள்: "அதுல எங்களுக்குப் பழக்கம் உண்டும்."

சித்ரலேகா சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. பெயர்ப்பட்டியலில் ஆசியாவின் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள். நான் எட்டிப் பார்த்து, இனிஷியல் சரியா என்று உறுதி செய்துகொண்டேன்.

சொன்னால் சொல்லட்டும்: நான் அட்டையை நம்பித் தவறாகச் சொல்லிக் கொடுத்திராவிட்டால், இவ்வளவு உறுதியாக அவளுக்கு வந்திருக்குமா?

6-4-1995

கணக்குத் தேர்வு. ஆசியா சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒன்பதாம் வகுப்பு ரீபா. பாட ஆசிரியை உள்ளே போகக் கூடாது. வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன், உட்காரவில்லை.

வந்ததும் சொன்னாள்: "டீச்சர், ரீபா படத்துல கர்ணத்தக் குட்டையாப் போடப் பாத்தா. அளந்து சொல்லுட்டீன்னு கேட்டுப் பிடிச்சிட்டேன்."

31-5-1995

ஓய்வு. மாலை, சால்வை, சுவர்க்கடிகாரம். பேசியவர்கள் எல்லாரும் என் 'பொறுமை'யைப் பாராட்டினார்கள். யாரைப் பற்றிப் பேசினார்களோ!

8-6-1995

ஆசியா தேர்ச்சி. கணக்கில் எண்பத்தொன்று. பள்ளி இந்த வருடமும் நூற்றுக்கு நூறு. பேப்பரில் சித்ரலேகாவின் படம். என் பெயர் இல்லை. வெட்டி எடுத்து இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். எண்பத்தொன்று யாருடையது என்று எனக்குத் தெரியும்.

19-6-1995, திங்கள்

நேற்று சித்ரலேகா வீட்டுக்கே வந்தாள்.

"அக்கா, ஸ்ரீவைகுண்டத்துலேருந்து ஒரு பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்காவ. மதுமதின்னு பேரு. கண்ணு தெரியாது. நீங்க வரணும். சம்பளம் ஒண்ணும் என்னால—"

"நான் கேட்டனா? சாமான் அறைக்கு வர மாட்டேன். காத்து வார அறை வேணும்."

"என் அறைக்கு அடுத்த அறை. சாவி கொண்டாந்திருக்கேன்."

இன்று போனேன். பிளஸ் ஒன் சேர்ந்திருக்கும் ஆசியா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மதுமதி குத்தூசியை வாங்கி, தாளின் இடப்பக்க ஓரத்தில் வைத்தாள். நான் வாய் திறக்கும் முன் ஆசியா அந்தச் சின்ன மணிக்கட்டைத் தேடிப் பிடித்து வலப்பக்கம் கொண்டு போனாள்.

"இங்கனயிருந்து. பைய."

பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சுக்கோட்டீ" என்றேன்.