கண்ணாடித் தட்டுக்கு வயிறு இல்லை

தம்பிக்கு,

நேற்று உன் ஊர் எஷோவேக்கு வந்தும் உன்னைப் பார்க்காமலே டர்பனுக்குத் திரும்பிவிட்டேன். நீ இளைத்துவிட்டதாக அம்மா போனில் சொன்னாள்.

மூலிகைக் கடைக்கார அம்மா மாகுமேதேயிடம் சண்டை போடத்தான் வந்தேன். எச்.ஐ.வி. மாத்திரையை நீ நிறுத்தியதற்கு அவருடைய கிழங்குக் கஷாயம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அவர் கிழங்கு நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"என்கிட்ட ஏன் கத்தற, டாக்டரம்மா? பசி எடுக்கத்தான் குடுத்தேன். மாத்திரைய விடாதடான்னும் சொன்னேன். 'இந்தக் கிழங்குல வைரஸ் செத்துப்போகுதுன்னு எங்கக்காவே ரேடியோவுல சொல்லிட்டா, உனக்கென்னம்மா தெரியும்'னு சிரிக்கறான். அவன் என் கிழங்க நம்பல, உன்னத்தான் நம்பறான்."

நான் சொன்னது எங்கள் ஆய்வகத்தில், கண்ணாடித் தட்டில் கிழங்குச் சாறு பட்டுச் செத்த வைரஸைப் பற்றி. அந்தத் தட்டுக்கு வயிறு இல்லை, ஈரல் இல்லை. மனிதர் யாருக்கும் அந்தச் சாற்றைக் கொடுத்துப் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். அதை வானொலிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள்.

உன் உடம்பில் அந்தக் கிழங்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. என்னை நம்புவதானால் இதையும் நம்பு.

சனிக்கிழமை காரோடு வருகிறேன். கிளினிக்குக்குப் போவோம். கஷாயம் குடித்ததை அங்கே மறைக்காதே. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வா, கேட்டுக்கொண்டே ஓட்டுகிறேன்.

உன் அக்கா