அட்டைப்படத்தில் எட்டுப் புஸ்வாணம்

20 ஆகஸ்ட் 2006, ஞாயிறு

எனக்கு நானே எழுதிக்கொள்வதற்கும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன். சுதந்திர தினத்தன்று எங்கள் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்கம், விருதுநகர் மாவட்டக் கிளை, குடும்பத்தோடு கூடிச் சாப்பிட்டுவிட்டுக் குழுப்படம் எடுத்துக்கொண்டது. படம் இன்று கைக்கு வந்தது. முன்வரிசையில் எட்டு ஆண்கள் நிற்கிறோம். நடுவில் செயலாளராகிய நான். நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுத்து, கைகளைப் பின்னால் கட்டி, ஏதோ சிலை திறப்புக்கு வந்தவன் மாதிரி.

பேண்ட் ஜிப் திறந்து கிடக்கிறது. கொஞ்சநஞ்சம் அல்ல, முழுசாக.

கண்டுபிடிக்கிறாளா என்று பார்க்கப் பாண்டிச்செல்வியிடம் படத்தை நீட்டினேன். பின்வரிசையில் தன்னைத் தேடிக் கண்டுபிடித்து, "என் சேலை கலர் நல்லா விழுந்திருக்கு" என்றாள். கட்டிய கணவன் கண்ணில் படவில்லை. முதல் முறையாக அது நிம்மதியாக இருந்தது.

ஆனால் இந்தப் படம்தான் சங்க மலருக்கு அட்டை. அடுத்த மாதம் சிவகாசிக் கலைவிழாவில் வெளியீடு.

21 ஆகஸ்ட்

ஒரு ஜிப்புக்கா இவ்வளவு பதற்றம்? ஆமாம். சங்கத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்தவன் நான். தலைவர் சத்தியநாதனுக்கு 'அரைமணி'. தலைமையாசிரியர், நன்றியுரையே அரைமணி நேரம் பேசுவான். திருத்தங்கலில் அச்சகம் வைத்திருக்கும் அகஸ்டினுக்கு 'ஈரச்சாக்கு'. காரணம் அவன் நடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் பெயர் கிடையாது. படிக்கிற காலத்திலிருந்து ஒருவனுக்கும் வாய்ப்புக் கொடுக்காமல் தப்பித்து வந்திருக்கிறேன். இந்த அட்டை வெளிவந்தால் சாகும்வரைக்கும் ஒரு பெயர். செத்த பிறகு போஸ்டரில் அடைப்புக்குறிக்குள்ளும் போடுவார்கள்.

27 ஆகஸ்ட்

அகஸ்டின் மெஷினோடு மல்லுக்கட்டும் நேரமாகப் பார்த்து அச்சகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் அவன் மகள் ஆஷ்லின்.

"பாப்பா, நடுவுல நிக்காரே, அவர் இடுப்புப் பக்கம் ஒரு பூங்கொத்து வைக்க முடியுமா? அழகுக்கு."

"அங்கிள், எங்ககிட்ட பூவெல்லாம் கிடையாது. எல்லாம் வெடி லேபிள் படம்தான். புஸ்வாணம், சங்குசக்கரம், குண்டு பாப்பா, ராக்கெட்."

"ராக்கெட் வேண்டாம்மா" என்று அவசரமாகச் சொன்னேன்.

புஸ்வாணம் வைத்தாள். என் இடுப்பிலிருந்து பொன்னிறமாகப் பொறி கிளம்பி மோவாய் வரைக்கும் பொங்கியது. இதற்கு ஜிப்பே கண்ணியம்.

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஒரு ஆளுக்கு மட்டும் வச்சா எல்லாரும் அங்கனதான் பாப்பாக, அங்கிள். எட்டுப் பேருக்கும் வச்சிருவோம். டிசைன்னு நெனைச்சுக்குவாக."

இருபது வயதுப் பெண்ணுக்கு என்ன ராஜதந்திரம்! புரூஃப் தாளில் 'செயலாளர் ஒப்புதல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அகஸ்டின் கண்ணில் படாமல் பஸ் ஏறிவிட்டேன்.

3 செப்டம்பர்

நன்றாகத் தூங்கினேன்.

24 செப்டம்பர், ஞாயிறு

என்னத்தைச் சொல்ல!

மண்டபம் நிறைந்த கூட்டம். எங்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் லட்சுமிகாந்தம் ஐயா ரிப்பனைப் பிரித்து மலரைத் தூக்கிப் பிடித்தார். அட்டையில் அம்மணமாக ஒரு குண்டுக் குழந்தை. கையில் மத்தாப்பு. தலைக்கு மேலே தங்க எழுத்தில் 'முன்னாள் மாணவர் மலர்'.

ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது எந்த பேட்ச்?" என்றார்.

சத்தியநாதன் மைக்கைப் பிடுங்கினான். குழந்தை என்பது எதிர்காலம், மத்தாப்பு என்பது கல்வி, ஆடையின்மை என்பது அறிவின் திறந்த தன்மை என்று பேசினான். அரைமணி. கைதட்டு வேறு.

நான் மேடைக்குப் பின்னால் அகஸ்டினைப் பிடித்தேன். "ஏலே, எங்க படம் எங்கலே?"

அவனுக்கு வேர்த்து ஊற்றியது. சீசன் நேரம், பேப்பர் மிச்சம் பிடிக்க எங்கள் அட்டையையும் குண்டுக் குழந்தை போட்ட ஒரு புஸ்வாணப் பெட்டி லேபிளையும் ஒரே தாளில் ஓட்டியிருக்கிறான். வெட்டிப் பிரித்த பிறகுதான் தங்க எழுத்தைத் தனியாகப் பதிப்பார்களாம். அதுவரை இரண்டும் வெறும் படம்தான். எது எதற்கு என்று ஆட்கள் படத்தைப் பார்த்துத்தான் பிரித்திருக்கிறார்கள்.

"இங்கன புஸ்வாணம் போட்ட படம் எங்க போகும்? புஸ்வாணப் பெட்டிக்குத்தான் போகும்! மலருக்குப் போய் எவம்லே புஸ்வாணம் போட்டது?"

"அதானே" என்றேன்.

26 செப்டம்பர்

பருப்பு மண்டிக்கு லீவு போட்டுவிட்டு ஆமத்தூர்ப் பக்கம் வெள்ளைத்துரையின் பட்டாசுக் கம்பெனிக்கு ஓடினேன். அவருடைய பெட்டிக்குத்தான் எங்கள் முகம் போயிருக்கிறது. லேபிளைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நினைப்பு. அவர் டீ வரவழைத்தார்.

"அது ஒட்டி முடிச்சு லோடும் போயாச்சு, சார். சேலம், ஈரோடு, மெட்ராஸ். சேலத்துக்காரன் நேத்து போன் போடுதான், 'இவுகெல்லாம் எந்தக் கட்சி'ன்னு."

"நீங்க என்ன சொன்னீக?"

"படிச்சவுகன்னு சொன்னேன். நம்பல."

மிச்சமிருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். எட்டுப் பெரிய மனிதர்கள், எட்டு இடுப்புகள், எட்டுப் பொங்கல். மேலே தங்கத்தில் 'டீலக்ஸ்'. என் ஜிப் தெரிகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அந்த இடத்தில் பொறிதான் பறக்கிறது.

சிரிப்பதா அழுவதா?

1 அக்டோபர்

அவசரக் கமிட்டிக் கூட்டம். பின்வரிசைக்காரர்களுக்கு ஏக சந்தோஷம். தமிழ்நாடு பூராவும் அவர்கள் முகம் போய்விட்டதல்லவா. காளீஸ்வரன் தன் மாமனார் ஊருக்குப் பத்துப் பெட்டி அனுப்பப் போகிறானாம்.

முன்வரிசை கொதித்தது. எல்லோரையும்விட சத்தியநாதன். "சர்ச் கமிட்டி எலெக்‌ஷன்ல நிக்கேம்லே! பெட்டியப் பாத்துட்டு எங்க பாஸ்டர் ஐயரு கூப்பிட்டு விட்டுட்டாரு. 'சத்தியநாதா, ஒனக்கு அங்கன என்ன பொங்குது'ன்னு கேக்காரு. நான் என்னன்னு சொல்ல? எதிர்காலம்ங்கவா, கல்விங்கவா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கோபத்தில் கடிப்பதாக நினைத்து அவன் என் தோளைத் தட்டினான். புஸ்வாணம் வைக்கச் சொன்ன கயவனைக் கண்டுபிடிக்க ஒரு நபர் விசாரணைக் குழு அமைத்தார்கள். அந்த ஒரு நபர், செயலாளர் என்ற முறையில், நான்.

8 அக்டோபர்

விசாரணையைத் தொடங்கினேன். ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பார்த்து என்னை நானே கேட்டேன். சரியான ஒத்துழைப்பு இல்லை.

"யாருகூட பேசிட்டு இருக்கீக?" என்று பாண்டிச்செல்வி அடுப்படியிலிருந்து கேட்டாள். குழுவின் நடவடிக்கைகள் ரகசியம் என்றேன்.

ஆஷ்லினுக்கும் போன் செய்தேன். "நான் ஒண்ணும் சொல்லல அங்கிள். நீங்க ஒண்ணும் கேக்கல. கையெழுத்துப் போட்ட தாளும் இல்ல" என்றாள். இந்தப் பிள்ளை கலெக்டராக வேண்டியவள்.

15 அக்டோபர்

அறிக்கை தாக்கல். முடிவு: கம்ப்யூட்டர் கோளாறு. ஏகமனதாக ஏற்றார்கள். கம்ப்யூட்டர் எதையும் செய்யும் என்று எங்கள் வயதுக்காரர்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. நிதானமான விசாரணைக்காக எனக்குச் சால்வை வேறு போர்த்தினார்கள்.

சத்தியநாதனும் அந்தத் தேர்தலில் ஜெயித்துவிட்டான். பெட்டியில் பார்த்த முகம் என்று ஓட்டுப் போட்டார்களாம்.

ஆக, ஜிப் ஒருவன் பார்வையிலும் படவில்லை. பெயரில்லாதவனாகவே இருக்கிறேன். இந்த மூளையைப் பருப்பு மண்டியில் வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறேனோ.

21 அக்டோபர், தீபாவளி

அதிரசமும் முறுக்குமாகத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அகஸ்டின் வீட்டுக்குப் போனேன். பாவம், குழந்தை அட்டைக்காக எல்லோரிடமும் ஏச்சு வாங்கியவன். எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல். அவன் மேசையைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"வாலே. என் செல்லைக் காணோம். ஒரு ரிங் விடு."

விட்டேன். பேப்பர் கட்டுக்கு அடியில் அடித்தது. ஆஷ்லின் எடுத்தாள், திரையைப் பார்த்தாள், சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். கையை நீட்டி வாங்கிப் பார்த்தேன்.

'ஜிப்பு - விருதுநகர்' என்று மின்னி மின்னி அணைந்தது.

"யாருலே இது?" என்று என் போனைக் காதில் வைத்தபடியே கேட்டேன். எவ்வளவு படித்தாலும் சில நேரம் அப்படித்தான்.

அகஸ்டின் அதிரசத்தை வாயில் போட்டான். "நீதாம்லே. ஹாஸ்டல்ல மொத வாரமே வச்சது. ஒனக்குத் தெரியாதா? சத்தியநாதன் வீட்டுல, பிள்ளைககூட ஜிப்பு மாமான்னுதான் சொல்லும்."

படம் எடுத்த அன்று போட்டோகிராபர் அகஸ்டினைத் தனியாகக் கூப்பிட்டு, சாருக்கு ஜிப் திறந்திருக்கிறது, சொல்லுங்கள் என்றாராம். "அவன் எப்பவுமே அப்பிடித்தான், நீங்க எடுங்க" என்றானாம் இவன்.