டாக்டரம்மாவுக்கு வயிற்றுப்போக்கு

மார்ச் 4, திங்கள்

அக்கா வரவேற்பு மேசையில் இருக்கும் விலங்கு மருத்துவமனையில், வருகிறவர்களைப் பதிந்துவைக்க நான் எழுதிய கணினி நிரல் இன்று ஓடத் தொடங்கியது. அங்கே இருப்பது ஆதிகாலக் கணினி. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. எது எங்கே விழ வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கர்சரை நான்தான் கைப்பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்த வேண்டும்.

"என் தங்கச்சி செஞ்சா தப்பே வராது" என்று டாக்டரம்மாவிடம் அக்கா வாக்குக் கொடுத்திருக்கிறாள். சனிக்கிழமை வரை பார்ப்பாராம். சரிப்படாவிட்டால் மறுபடி நோட்டுப் புத்தகம். அப்புறம் அங்கே அக்காவின் பேச்சை யார் மதிப்பார்கள்?

மார்ச் 5

மானம் கப்பலேறியது.

டாக்டர் பெயருக்கு இரண்டாம் வரிசை, பன்னிரண்டாம் கட்டம். நோய்க்குப் பன்னிரண்டாம் வரிசை, இரண்டாம் கட்டம். கர்சரிடம் வரிசையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூட வரைபடத்தாளில் x முதலில் வரும் ஞாபகத்தில் கட்டத்தை முதலில் சொல்லித் தொலைத்தேன். மேசையைச் சுற்றிக் காத்திருந்த கூட்டம் முழுக்கப் படித்தது:

டாக்டர்: வயிற்றுப்போக்கு. நோய் என்ற தலைப்பின் கீழே டாக்டரம்மாவின் பெயர், பட்டங்களோடு.

ஆட்டுக்குட்டியோடு வந்தவர், "பாவம், அவங்களுக்கு முடியலபோல. நாளைக்கு வரேன்" என்று கிளம்பியே போய்விட்டாராம்.

அக்கா போனில் பொரிந்தாள். திரை ரொம்பச் சின்னது என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! வைடி போன!"

மார்ச் 6

இரண்டு எண்களை இடம் மாற்றினேன். அவ்வளவுதான். இதற்காக நேற்று இரண்டு வேளைச் சோறு இறங்கவில்லை.

மார்ச் 7

எழுதி முடித்த இடத்திலேயே கர்சர் நின்று மினுக்கிக்கொண்டிருக்கும். அது எனக்குத் தெரியும். 'யாரைக் கடிக்கப்போகிறது?' என்று விட்டுவிட்டேன். ஊசிக்கு வந்த சாம்பல் பூனைக்கு அது பொறுக்கவில்லை. கூடையிலிருந்து ஒரே பாய்ச்சல், திரையில் நாலு பிறாண்டல், அப்புறம் விசைப்பலகை மேல் சம்மணம். அன்றைய பட்டியல் முழுக்க 'ககககக'.

இந்த முறை அக்கா கத்தவில்லை. "நாளன்னிக்கு சனிக்கிழமைடி" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. யாரு என்னைக் கேட்டா? நானாத்தானே போயி, 'அக்கா, நான் செஞ்சு தரேன்'னு... வேலியில போன ஓணான எடுத்து அவ மடியில விட்டுட்டேனே!

மார்ச் 8

கர்சரையே மறைத்துவிட்டேன். ஒரே வரி. நிரலை மூடும்போது மறுபடி காட்டச் சொல்ல மட்டும் மறந்துபோனது. கர்சரைக் காணாத அக்கா கணினி செத்துவிட்டது என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். அதையும் சரிசெய்தாயிற்று.

மார்ச் 9, சனி

நானே போய் நின்றேன். டாக்டரம்மா திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"மினுக்கிட்டு இருந்துச்சே, அது எங்க?"

"எடுத்துட்டேன் டாக்டர். இனிமே தொந்தரவு இருக்காது."

"யாரு எடுக்கச் சொன்னா? அன்னிக்கு அந்தச் சாம்பல் பூனை அதையே முறைச்சிட்டு இருந்தப்பதான் ஊசியப் போட்டேன். நாலு வருஷத்துல மொத தடவையா அது என்னைக் கடிக்கல!"

"நான்தான் சொன்னேனே டாக்டர், என் தங்கச்சியப் பத்தி" என்றாள் அக்கா, கூசாமல். எனக்குக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது.

மார்ச் 11

ஊசி போடும் அறையிலும் ஒரு திரை வைத்தாயிற்று. அதில் எழுத்தே கிடையாது. கடைசி வரிசையில் கர்சர் முதல் கட்டத்திலிருந்து எண்பதாம் கட்டம் வரை போய்விட்டுத் திரும்பி வரும்.

மதியம் அக்கா கூப்பிட்டாள். "டாக்டர் இன்னும் கொஞ்சம் மெதுவா விடச் சொல்றாங்கடி. இப்ப வந்திருக்கிறது வயசான பூனை."