உன்னையும் எண்ணிக்கையில் சேர்த்துவிட்டேன்

என்னோடு ஒரே வயிற்றில் இடித்துக்கொண்டு கிடந்த பீட்டரு,

நான் அப்போதே சொன்னேனா இல்லையா? "நம்மளத் தேடி ஒருநாள் டாக்டருங்க வருவாங்கடா" என்று ஆரப்பாளையம் டீக்கடையில் சொன்னபோது, நீ சிரித்து டீயை வேட்டியில் கொட்டிக்கொண்டாய். இப்போது சிரி பார்ப்போம். வந்துவிட்டார்கள்! பசுமலையில் ஒரு கல்லூரி மண்டபத்தில் இரட்டையர் முகாம். அறுபதைத் தாண்டிய இரட்டையர்களின் உடம்பு எப்படி மூப்படைகிறது என்று ஆராய்ச்சியாம். மதுரை ஜில்லாவே திரண்டிருந்தது.

நீ போய் இரண்டு வருஷமாகிறது, நான் எதற்குப் போனேன் என்கிறாயா? எல்லாம் நம் டெய்லரால் வந்தது. கிறிஸ்துமஸுக்கு நம் இருவருக்கும் ஒரே துணியில் சட்டை தைப்பாரே, இந்த முறையும் மறந்துபோய் இரண்டாக வெட்டிவிட்டார். தைத்த சட்டை வீணாகலாமா? என்னுடையதைப் போட்டுக்கொண்டு, உன்னுடையதைக் கவரில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "ஜோடியா வரணும்ணே. உங்க ஆளு எங்க?"

"முன்னாடியே போயிட்டான்."

"உள்ளயா?"

"மேல."

"மாடியப் பூட்டி வச்சிருக்கோமேண்ணே!"

அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு ஜோடியும் கல்லுக்குண்டு மாதிரி! ஒருவர் தண்டால் எடுத்துக் காட்டினார், தம்பி எண்ணினார். எனக்குச் சுருக்கென்றது. சிம்மக்கல் பழ மண்டியில் எத்தனை வருஷம் நின்றிருக்கிறேன்! பெட்டியில் மேல் வரிசை சாத்துக்குடி பளபளவென்றுதான் இருக்கும். அடியில் கை விட்டால்தானே அழுகல் தெரியும்? படுக்கையில் கிடப்பவன் பஸ் ஏறி வருவானா? சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்தின ஜோடி வருமா? நீ வருவாயா? வந்தவர்களை மட்டும் எண்ணினால், இரட்டையராய்ப் பிறந்தவனெல்லாம் நூறு வயது வாழ்வான் என்று கணக்கு வரும். அந்தக் கணக்கில் நீ பிறக்கவே இல்லை, பீட்டரு. விடுவேனா?

கத்தினேன். மண்டபமே அதிர்ந்தது. டாக்டரம்மா ஓடி வந்தார், நம் பிள்ளைகள் வயசு.

"இது கள்ளக் கணக்கும்மா! செத்தவன் கணக்கு எங்க?"

அவர் அசரவில்லை. "வந்தவங்கள மட்டும் எண்ணுற தப்புக்குத் தேர்வுச் சார்புன்னு பேருங்கய்யா. எங்களுக்கு இருக்கிற பெரிய தலைவலியே அதுதான். ஜோடிய இழந்தவங்களும் வாங்கன்னு நோட்டீஸ்ல கீழ போட்டிருந்தோமே, பாக்கலையா?"

நான் எட்டாவது வரை. பெரிய எழுத்தோடு நிறுத்திக்கொள்வேன். "பாத்துத்தானம்மா வந்தேன்" என்றேன்.

"அந்த மேசை காலையிலருந்து காலியாக் கிடக்கு. உங்கள மாதிரி ஆளுக்காகத்தான் உக்காந்திருக்கேன்."

கேட்டாயா? ஒரு கல்லூரியே எனக்காகக் காத்திருந்திருக்கிறது! இரண்டு நாற்காலி. ஒன்றில் நான் உட்கார்ந்தேன். இன்னொன்றின் முதுகில் உன் சட்டையை மாட்டினேன். டாக்டரம்மா பேனாவைத் திறந்தார்.

"ரெண்டு பேருக்கும் சுகர் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மாத்திரை?"

"நான் முழுங்கினேன். அவன் சட்டைப் பையில போட்டுக்கிட்டான். ஒருத்தன் முழுங்கினா ரெண்டு பேருக்கும் சேரும்பான்."

அதை அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நானும் ஒன்றைக்கூட ஊதிச் சொல்லவில்லை. உன் கணக்காயிற்றே, எப்படி ஊதுவேன்? கொஞ்ச நேரத்தில், தங்கச்சியை இழந்த ஓர் அம்மா வாசலில் தயங்கி நின்றார். நாற்காலியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். வந்து எனக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முகாமுக்கு ஆள் சேர்த்தது நீதானடா!

வருஷா வருஷம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நடமாட்டம் இருக்கும்வரை போவேன், இரண்டு சட்டையோடும் போவேன். நீ விழுங்காமல் விட்ட மாத்திரையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்வேன். இது சத்தியம்.

ஒன்று மட்டும், பீட்டரு. டெய்லர் மறக்கவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இந்தத் தடவ ஒண்ணு போதும்லண்ணே?" என்று மெதுவாகத்தான் கேட்டார். இரண்டாக வெட்டச் சொன்னது நான்.

அந்த முகாமிலும் உனக்கு மூத்தவன் என்றே எழுத வைத்துவிட்டு வந்த
உன் அண்ணன்,
பவுல்