உங்கள் மகனால் வாசிக்க முடியாத தாள்கள்

என் அன்பான அத்தைக்கு,

உங்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எனக்குக் கன்னடம் எழுத வராது. பன்னிரண்டு வருடம் நீங்கள் கன்னடத்தில் கேட்டீர்கள், நான் தமிழில் பதில் சொன்னேன். நமக்குள் பேச்சு புரியாமல் போனதே இல்லை. ஆனால் நீங்கள் இருந்தபோது ஒன்றைச் சொல்லத் துணிவு வரவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. உங்கள் மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். வாசலில் ஏதாவது பைக் நின்றால் சாப்பிடுகிற கை அப்படியே நின்றுவிடுகிறது.

ஓசூரில் குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், கர்நாடகப் பக்கத்திலிருந்து மது பாக்கெட்டுகளை அந்த வண்டியில் கொண்டுவந்து இரண்டு முறை பிடிபட்டார். இரண்டும் உண்மை. நான் மறைக்கப் போவதில்லை. இரண்டு முறையும் கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு, சாயங்காலமே வீடு திரும்பினார். ஒத்துக்கொள்ளச் சொன்னது வக்கீல்தான் என்று கடைசி வரை அந்த மனிதரைத் திட்டினீர்கள்.

வக்கீல் இல்லை அத்தை. நான்தான்.

இரண்டாவது முறை கோர்ட் வராந்தாவில் அவர் தயங்கினார். "தமிழ்ல எழுதியிருக்கு சாந்தி. எதுல கையெழுத்து போடறேன்னே தெரியல" என்றார். "போட்டுட்டு வாங்க, எனக்கு கம்பெனி பஸ்ஸு போயிடும்" என்றேன். அன்று எனக்கு செகண்ட் ஷிப்ட். அதைத் தாண்டி நான் எதையும் யோசிக்கவில்லை.

போன வருடம் மூன்றாவது முறை பிடிபட்டார். வாடகைக்கு ஓட்டப் போன வண்டியில், தக்காளிப் பெட்டிகளுக்கு அடியில் பாக்கெட்டுகள் இருந்தன. லோடு ஏற்றியது வண்டியின் சொந்தக்காரன், எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்தார். நான் நம்பினேனா? பாதிதான். விசாரணை நடந்திருந்தால் மீதியும் தெரிந்திருக்கும். அதற்குள் குண்டர் சட்டம் வந்துவிட்டது. திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவர், வெளியே விடக்கூடாது என்று உத்தரவு. ஒரு வருடம் உள்ளே. ஜாமீன் கிடையாது.

ஸ்டேஷனில் ஏட்டையாவிடம் கேட்டேன். "முன்னாடி ரெண்டு கேஸும் அபராதத்தோட முடிஞ்சுபோச்சே சார்?"

"முடியலம்மா. அது கணக்குல நிக்குது" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

நீங்கள் தினமும் காலையில் "நாகா பந்தனா?" என்று, உங்கள் மகன் வந்துவிட்டாரா எனக் கேட்பீர்கள். நாளைக்கு வந்துவிடுவார் என்பேன். ஐந்தாம் மாதம் நீங்களே போய்விட்டீர்கள். அவரை இரண்டு மணி நேரத்துக்கு நான்கு போலீஸோடு கூட்டி வந்தார்கள். உங்களுக்கு மண் போட்டார். அழவில்லை. திரும்ப வேனில் ஏறும்போது, "அம்மா என்னைக் கேட்டாளா?" என்றார். "கேக்கல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எதற்குப் பயந்தேன்?

அதற்கு அடுத்த வாரம்தான் சென்னையில் ஐகோர்ட் வக்கீல் ஒருவரிடம் போனேன். உத்தரவோடு கொடுத்திருந்த தாள்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு எந்த எழுத்தும்மா வாசிக்கத் தெரியும்?"

"கன்னடம் மட்டும்தான் சார். ஏழாவது வரைக்கும் கன்னடப் பள்ளிக்கூடம்."

"இதெல்லாம் தமிழும் இங்கிலீஷுமா இருக்கே. இத்தனை நாளா ஏன் யாருமே சொல்லல?"

"யாரும் கேக்கல சார்."

தன்னை ஏன் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதை அவருக்குத் தெரிந்த எழுத்தில் கொடுத்திருக்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்துக்கு அலைந்து சான்றிதழ் வாங்கிக் கொடுத்தேன். எட்டாம் மாதம் ஐகோர்ட்டில் உத்தரவை ரத்து செய்தார்கள்.

அதற்கு முன்பே சேலம் ஜெயிலில் மனுப் போட்டு அவரைப் பார்க்கப் போனபோது அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தித்தான் சொன்னேன். "அன்னைக்கு அவசரப்படுத்தி உங்கள மாட்டிவிட்டது நான்தான். அம்மா தினமும் உங்களக் கேட்டாங்க. நான்தான் பொய் சொல்லிட்டேன்."

வலையோடு ஒட்டி வந்து நின்றார். பிறகு, "பாக்கெட்ட கொண்டுவந்தது நான்தானே, நீயில்லையே" என்றார். "ஆனா அம்மா கேட்டத நீ மறைச்சிருக்கக் கூடாது." அதற்குப் பிறகு மூன்று வாரம் என்னை மனுவில் பார்க்க மறுத்துவிட்டார். ஒவ்வொரு வாரமும் போய்த் திரும்பி வந்தேன்.

இப்போது அந்த மூன்றாவது கேஸ் விசாரணைக்கு வந்திருக்கிறது. "ஒத்துக்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்று பழையபடி ஒருவர் காதில் ஓதினார். போன திங்கட்கிழமை கோர்ட்டில் குற்றச்சாட்டைக் கன்னடத்தில் சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். ஒரு குமாஸ்தா அம்மா எழுந்து வரி வரியாகச் சொன்னார். உங்கள் மகன் கூண்டைப் பிடித்துக்கொண்டு "நானு மாடில்லா" என்றார். நான் செய்யவில்லை என்று. கோர்ட்டில் அவர் தன் மொழியில் பேசி அன்றுதான் கேட்டேன்.

விசாரணையில் அவர் தெரிந்தே ஓட்டினார் என்று வந்தாலும் வரலாம். மூன்றாவது முறை என்பதால் தண்டனை கடுமையாகவே இருக்கும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். செய்திருந்தால் அனுபவிக்கட்டும், வாரா வாரம் சேலத்துக்குப் பஸ் ஏறுகிறேன். செய்யவில்லை என்றால் அதைக் கோர்ட் தன் வாயால் சொல்லட்டும். எதுவானாலும் ஒரு வாய்தாவுக்குக்கூட அவரைத் தனியாக அனுப்ப மாட்டேன். ஷிப்ட் போனால் போகட்டும். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு அத்தை.

உங்கள் வீட்டு மருமகள்,
சாந்தி