பொட்டு வைத்த விமானம்

புதன்கிழமை மதியம் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் இருந்தபடி போனைத் திறந்தேன். நம்முடைய விமானக் குழுவில் ஒரு புதுப் படம். நம்முடையதைப் போலவே நான்கு இருக்கை, வெள்ளை உடம்பில் நீலக் கோடு, வயது நாற்பதுக்குக் குறையாது. முன்விசிறியில் உள்ளங்கையை வைத்தபடி முப்பது வயதுக்காரர் ஒருவர் சிரிக்கிறார். விசிறியின் நடுமூக்கில் சந்தனம், அதன்மேல் குங்குமம். சிட்னியில் ஹோம்புஷ்காரராம், பெயரைப் பார்த்தால் தமிழர். கையில் இருந்த பாண் துண்டை அப்படியே வைத்துவிட்டேன்.

உமக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் குழுவில் முதல் பொட்டு நாம் வைத்தது.

நீர் என்று எழுதியதும் உம்முடைய சிரிப்புக் கேட்கிறது. பறக்கப் பழகும் பள்ளியில் முதல் நாள், "நீர் எங்கயிருந்து வாறீர்?" என்று கேட்டேன். "என்னக்கா, ராஜா காலத்து மாதிரி நீர்ங்கறீங்க? நான் திருச்சி. இப்ப பொயிண்ட் குக்" என்றீர். யாழ்ப்பாணத்தில் பிடித்த ஆட்களோடு அப்படித்தான் கதைப்போம் என்று விளக்கம் சொன்னேன். அதன்பிறகு தவறி நீங்கள் என்று சொல்லிவிட்டால், "கோபமாக்கா?" என்று கேட்பீர். அந்த வகுப்பில் தமிழ் ஆட்கள் நாம் இரண்டு பேர்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு நாற்பத்தாறு வயதில் பறக்க ஆசை வந்ததைப் பார்த்து என் சொந்தக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். நீர் மட்டும் சிரிக்கவில்லை. நீரும் அதே விசர் பிடித்த ஆள்தானே.

லைசென்ஸ் கிடைத்த பிறகு, வாடகை விமானத்துக்கு ஆள்மாறி ஆள் காத்திருந்து அலுத்துப்போய், சேர்ந்து ஒன்றை வாங்குவோம் என்று முடிவெடுத்தோம். பழைய விமானம் எப்படி வாங்குவதென்று நமக்கு யார் சொல்வார்கள்? வீடு வாங்கிய சித்தப்பா இருக்கிறார், கார் வாங்கிய மச்சான் இருக்கிறான். விமானம் வாங்கிய சொந்தக்காரருக்கு நாம் எங்கே போவது? அந்த இணையக் குழுதான் நமக்குச் சொந்தமாக வாய்த்தது. ஒரே வகை விமானத்தை வைத்திருப்பவர்கள், பெர்த்திலிருந்து கனடா வரை. கதவு றப்பர் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வரும். விற்பனைக்கு வந்த ஒன்றைக் காட்டினால், அதை முன்னம் வைத்திருந்தவரையே தேடிப் பிடித்துக் கூட்டிவந்துவிடுவார்கள். நல்ல மனிதர்கள். அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். கெட்ட மனிதர்களாக இருந்திருந்தால் இவ்வளவு நம்பியிருக்க மாட்டோம்.

கரையோர ஊரொன்றில் தகரக் கொட்டிலில் நின்ற விமானத்தை அவர்கள்தான் நமக்குக் காட்டினார்கள். இரண்டு வருடமாகப் பறக்காமல், கடற்காற்றில். வாங்குமுன் மெக்கானிக் வந்து சோதிப்பது செவ்வாய்க்கிழமை என்று ஒழுங்கு. ஆனால் உம்முடைய மனைவி கவிதா பஞ்சாங்கம் பார்த்துவிட்டாள். "வெள்ளிக்கிழமையை விட்டா இந்த மாசம் நல்ல நாளே இல்லக்கா" என்றாள். சோதனைக்கு முன்னமே பூசையா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பேசின் என்ற ஊர்ப் பிள்ளையார் கோயிலில் இருந்து விபூதி கொண்டுவந்தது நான். சந்தனம் குழைத்தது அவள். நீர் கற்பூரத்தை எடுத்ததும் விற்கிற மனிதர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் நெருப்புக் கொளுத்தப் பார்த்தோமே! கற்பூரம் இல்லாமலே பூசையை முடித்தோம்.

குழுவில் ஒரு வழக்கம். புது உரிமையாளர் விசிறியில் கை வைத்துப் படம் எடுத்துப் போடவேண்டும். அவர்கள் வரவேற்று ஓர் எண் கொடுப்பார்கள். விமானம் நமக்குச் சொந்தமாகும் முன்னமே நம் படத்தைப் போட்டவள் நான். அதுவும் பொட்டோடு. அன்று பொழுதுபடுவதற்குள் இதயங்கள் குவிந்தன. இவ்வளவு அழகான வரவேற்பை எந்த விமானமும் கண்டதில்லை என்று எழுதினார்கள். எண்ணும் கிடைத்தது. "அக்கா, நம்ம பொண்ணு உலகப் புகழ் ஆயிட்டா" என்று நீர் போன் எடுத்துச் சத்தம் போட்டீர்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வந்தார். நரைத்த தாடி, அதிகம் கதைக்காத மனிதர். எண்ணெய் வடிகட்டியை வெட்டி, உள்ளே மடித்திருந்த தாளை விரித்து வெயிலில் பிடித்தார். ஊசிமுனை அளவில் இரண்டு மூன்று உலோக மினுக்கம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், வால்வுகளைத் தள்ளும் இரும்புத் தண்டு துருவேறி, கறள் பிடித்து உரிவதாகவும் இருக்கலாம் என்றார். ஒரு சிலிண்டரைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் சொல்லலாம், பார்க்காமல் தன்னால் நல்ல வார்த்தை சொல்ல முடியாது என்றார். நீர் அந்தத் தாளில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டீர். "நம்ம பொண்ணுக்கு முதல் நகைக்கா" என்றீர். நானும் சிரித்தேன். சிரித்த வாயை நினைத்தால் இப்போது எரிகிறது.

விற்கிறவருக்குக் கழற்றுவதில் விருப்பமில்லை. நான் வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்தபடியே குழுவில் கேட்டேன். பதில் கொட்டியது. ஓடுகிற எஞ்சினைத் திறக்காதே. மெக்கானிக்மார் தங்களுக்கு வேலை தேடுவார்கள். என்னுடையது நான்கு வருடம் சும்மா நின்றது, இன்றைக்கும் பறக்கிறது. பொட்டு வைத்த பெண்ணை வெட்டிப் பார்க்கப் போகிறாயா? ஒவ்வொன்றின் கீழும் இதயங்கள். நடுவில் தஸ்மேனியாவில் இருக்கும் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர், எல்லோருக்கும் எப்போதும் எச்சரிக்கை சொல்லிப் பகிடி வாங்குகிற கிழவர், இரண்டு வரி எழுதியிருந்தார். 'திறந்து பாருங்கள். பார்க்க விடாவிட்டால் விட்டுவிட்டுப் போங்கள்.' அதற்குக் கீழே ஒரு இதயமும் இல்லை. தாத்தா வந்துவிட்டார் என்று இரண்டு பேர் நக்கல் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் அதை வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். பிறகு விரலால் மேலே தள்ளிவிட்டேன்.

பின்னேரம் நீர் போன் எடுத்தீர். "என்னக்கா சொல்றாங்க? நீங்க சொன்னா சரி. தினமும் உள்ளே இருக்கறதைப் பாக்கறவங்க நீங்கதானே" என்றீர். "ஓம், இவ்வளவு பேர் சொல்லுகினம்தானே. பொட்டும் வச்சாச்சு. வாங்குவம்" என்றேன். விழுந்து கையைப் பிடித்துக்கொண்டு வருகிற நோயாளி, வீக்கம் மட்டும்தானே என்று கேட்டால், படம் எடுத்துப் பார்க்காமல் சொல்ல ஏலாது என்று ஒருநாளைக்கு இருபது தரம் சொல்கிறவள் நான். அந்த ஒருநாள் மட்டும் சொல்லவில்லை. அறியாமல் நடந்த பிழை என்றால் மன்னிப்பாவது கேட்கலாம். எனக்கு ஆசை. அதோடு, இத்தனை பேர் வாழ்த்திய படத்தைத் திரும்ப எடுக்க வெட்கம்.

பதினான்கு மாதம் பறந்தோம். அது பொய்யில்லை. விரிகுடாவுக்கு மேலே போய்த் திரும்புகையில் பொயிண்ட் குக்கில் உம்முடைய கூரையைத் தேடுவீர். எல்லாக் கூரையும் ஒரே சாம்பல் நிறம். கவிதா பின்வளவில் உம்முடைய வேட்டியைக் கொடியிலிருந்து இழுத்து ஆட்டுவாள். "அங்க பாருங்க, வெள்ளைக்கொடி காட்டிட்டா, சரணடைஞ்சுட்டா" என்பீர்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. எனக்கு வேலை மாறிவிட்டது. நீர் தனியே போனீர். ஓடுபாதையைத் தாண்டி உயரும்போது எஞ்சின் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுப் புல்வெளி. நான் ஒரு கிழவியின் மணிக்கட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மிச்சப் படத்தையும் எடுத்து முடித்தேன். ஏன் முடித்தேன் என்று தெரியவில்லை.

குழு அழுதது. உடைந்த இதயங்கள், மெழுகுதிரிகள். ஒரு கிழமையில், நீர் ஓடுபாதைக்குத் திரும்ப முயன்றிருப்பீர், நேரே இறக்கியிருக்க வேண்டும் என்று ஆராயத் தொடங்கினார்கள். எனக்கு வந்த கோபத்தில் போனை எறிந்திருப்பேன். பல மாதம் கழித்து விசாரணை அறிக்கை வந்தது: கறள் பிடித்த தண்டு உரிந்து, துகள் எண்ணெயோடு ஓடி, எஞ்சின் இறுகிப்போனது. உடனே, குடும்பத்துக்கு மரியாதை என்று சொல்லி அந்தப் பேச்சையே பூட்டிவிட்டார்கள். தஸ்மேனியாக் கிழவர் மட்டும் எனக்குத் தனியாக எழுதினார். தான் இன்னும் பலமாகச் சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவேண்டும் என்று. நான் பதில் போடவில்லை. அவர் பலமாகத்தான் சொன்னார்.

அந்த அறிக்கைக்கெல்லாம் முன்னம், உம்முடைய பதினாறாம் நாள் கிரியை முடிந்து, பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கையில் கவிதா என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "அப்போ யாராச்சும் ஒருத்தராவது வாங்க வேணாம்னு சொன்னாங்களாக்கா?"

"இல்லை" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். பொயிண்ட் குக் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். போனாலும் உம்முடைய பிள்ளையின் பள்ளிக்கூடக் கதை, சமையல் கதை.

ஹோம்புஷ்காரரின் படத்தைப் பார்த்த அன்றே அவருக்குத் தனியாக எழுதினேன்: நெடுநாள் நின்ற எஞ்சின், சிலிண்டரைக் கழற்றிப் பாரும். மரியாதையாகப் பதில் வந்தது. குழுவில் விசாரித்துவிட்டாராம், உங்கள் விஷயம் வேறு என்கிறார்களாம், திங்கட்கிழமை கையெழுத்தாம். அரைவாசி சொன்னால் இப்படித்தான் பதில் வரும். முழுதும் சொன்னால் அது எப்படியும் கவிதாவின் காதுக்குப் போகும். அவளுக்கு நான்தான் முதலில் சொல்லவேண்டும்.

நேற்றுப் போனேன். உம்முடைய கதிரையில் இருக்கப் பிடிக்காமல் நின்றுகொண்டே சொன்னேன். கிழவரின் இரண்டு வரியையும் சொன்னேன், விரலால் தள்ளிவிட்டதையும் சொன்னேன். அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உள்ளே போய் உம்முடைய பறக்கும் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தாள். பையிலிருந்து அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அவருக்கும் தெரியும்க்கா" என்றாள். "அன்னைக்கே படிச்சுட்டார். ஒரு தாத்தா மட்டும் வேணாங்கறார், அக்காகிட்ட சொல்லாதே, பயந்து பின்வாங்கிடுவாங்கன்னார். நான் சொல்லலை. பொட்டு வச்சாச்சேன்னு நானும் வாயை மூடிட்டேன். நீங்க பாத்தீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் அன்னைக்குக் கேட்டேன். நீங்க இல்லைன்னதும், நாங்க ரெண்டு பேரும்தான் உங்களை ஏமாத்திட்டோம்னு நினைச்சுக்கிட்டேன்."

என்ன மனிதர் ஐயா நீர்! நீங்க சொன்னா சரி என்று கேட்டீரே, நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டா கேட்டீர்? நானும் நீர் வேண்டாம் என்பீரோ என்று பயந்தல்லவா ஓம் சொன்னேன். மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் வாய் திறந்திருந்தால் நீர் இன்றைக்கு என்னைப் பகிடி பண்ணிக்கொண்டிருப்பீர். எனக்கு உம்மில் கோபம். இவ்வளவு நாளும் என்னில் மட்டும்தான் இருந்தது. பாரம் குறையும் என்று போனவள் இன்னொன்றையும் தூக்கிக்கொண்டு வந்தேன். கவிதா அந்தப் பையை என்னிடமே தந்துவிட்டாள். திறந்தால் இன்னும் எண்ணெய் மணக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் மினுங்குகிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் குழுவைத் திறந்தேன். ஹோம்புஷ்காரரின் கேள்விக்குக் கீழே எண்பது பதில். நடுவில் தஸ்மேனியாக் கிழவர், அதே இரண்டு வரி. இதயம் இல்லை. நான் ஒன்று வைத்தேன். பிறகு ஹோம்புஷ்காரருக்குப் போன் எடுத்தேன்.

"புரியுது ஆன்ட்டி" என்றார். "ஆனா குரூப்ல எல்லாருமே திறக்க வேணாம்னுதான் சொல்றாங்க. பூஜையும் போட்டாச்சு. இப்ப வேணாம்னா நல்லா இருக்காது."

"எல்லாருமோ? ஒருத்தரும் வேற மாதிரிச் சொல்லேல்லையோ?"

"இல்ல ஆன்ட்டி" என்றார்.

அந்த 'இல்லை'யை எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு பெண்குரல், யாருங்க போன்ல என்று கேட்டதும் எனக்குக் கேட்டது.

"தம்பி, போனை உம்மட மனிசியிட்டக் குடும்" என்றேன். அவர் தயங்கினார். "குடும்" என்றேன் மறுபடியும், என் எக்ஸ்ரே அறையில் கத்துகிற குரலில்.

அவள் ஹலோ என்றாள். பிளாஸ்டிக் பை என் உள்ளங்கையில் இருந்தது. முதலில் கிழவரின் இரண்டு வரியையும் அவளுக்கு வாசித்தேன். பிறகு உம்முடைய பெயரைச் சொன்னேன்.