பலகையில் இல்லாத எங்கள் லயம்

கார்த்திகை, புதன்கிழமை

இன்று டிக்கோயா பஸ்ஸை விட்டுவிட்டேன். கடைத்தெருவில் புதிதாக நட்ட பெரிய பலகையை எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. கவலையே இல்லை. முழுவதையும் நானே வாசித்தேன்! எங்கள் மலையில் இருபது மாடிச் சொகுசு வீடுகள் வரப்போகின்றனவாம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இலக்கம், தனித் தபால்பெட்டி. மேலே மலையின் படமும் போட்டிருந்தது.

நடந்து வந்து மனைவியிடம் சொன்னேன். அவள், "அந்தப் படத்துல நம்ம லயம் இருக்குதாங்க?" என்று கேட்டாள்.

இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருக்கும் இடத்தில் பூந்தோட்டம் போட்டிருக்கிறார்கள்.

"ஓரமா இருக்கு" என்றேன்.

"வாசிக்கப் படிச்சதும் பொய்யும் படிச்சிட்டீங்க" என்று சிரித்தாள்.

எங்கள் கடிதமெல்லாம் இன்னும் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருகிறது. எங்கள் கதவுக்கு இலக்கமே கிடையாது. முதியோர் வகுப்பில் கொடுத்த வெண்கட்டியை எடுத்துக் கதவில் எழுதினேன். முதலில் மனைவியின் பெயர், செல்லம்மா; அதற்குக் கீழே என் பெயர். 'செ' கோணலாகிவிட்டது.

அவள் விளக்கைப் பிடித்தாள். "பெருசா எழுதுங்க. பலகை வச்சவங்க கண்ணுக்குத் தெரியட்டும்."

இப்போது மழை தூறுகிறது. அழிந்தால் காலையில் மறுபடி எழுதுவேன். எழுதத்தான் தெரியுமே.